மலைக்காற்று என்ற பெயரில் கேட்டவன்

என் மனைவியின் அண்ணனுக்கு எதிராக, பொய்ப் பெயரில், நான் ஏலம் கேட்டேன். ஒரு முறையல்ல, பல முறை. கடைசியில் அவர் நம்பிக் கொடுத்த போனிலும் என் போனிலும் மாறி மாறிக் கேட்டு, அவர் தாங்க முடியாத விலையை அவர் தலையிலேயே ஏற்றி வைத்தேன்.

ஏன் செய்தாய் என்று என்னைக் கேட்காதீர்கள். தெரிந்தால் சொல்லியிருக்க மாட்டேனா...

பொருள் என்னவென்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பொன்னல்ல, காணியல்ல. பழைய வெக்யூம் கிளீனர்! தரையில் இழுத்துச் சென்று தூசு உறிஞ்சும் அதே இயந்திரம்தான். நானோ வாழ்நாளில் ஒரு தடவைகூட வீட்டைக் கூட்டியவனல்லன்.

மாத்தளை நகரில் எனக்கு ஒரு துணிக்கடை இருக்கிறது. மச்சான் நளீம் பல்லேபொலையில் இருக்கிறார். இளம் வயதில் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்யப் போனவர், அங்கேயே மேற்பார்வையாளராகி ஓய்வு பெற்றார். மனைவி மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டார். ஒரே மகள் கலேவெலயில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். தனியே கிடந்த மனிதருக்குத் துணையாக வந்தவை இந்த இயந்திரங்கள்.

மற்றவர்கள் சோபா போடும் முன்னறையில் அவர் அவற்றை வரிசையாக நிறுத்தியிருந்தார். ஒன்று பால் கேன் போலிருக்கும். ஒன்று சறுக்குக் கட்டையில் படுத்த பூசணிக்காய் போலிருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். "இவனுக்கு இன்னைக்குத் தொண்ட கட்டியிருக்கு மச்சான்" என்பார். என் மனைவி பரீதா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரித்தேன்.

அந்த ஏலப் பக்கத்தை எனக்குக் காட்டியவரே அவர்தான். பழைய மின்சாரப் பொருள் பிரியர்கள் கூடும் இணையப் பக்கம் அது. பொருளின் படத்தைப் போடுவார்கள். யாரும் எந்தப் பெயரிலும் கேட்கலாம். நேரம் முடியும்போது மேலே நிற்கிறவருக்குப் பொருள். அவர் தன் சொந்தப் பெயரிலேயே கேட்டார். நான் பொழுதுபோக்காக எட்டிப் பார்த்தேன். பரீதா அறிந்தால் கேலி செய்வாள் என்று 'மலைக்காற்று' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான்... சத்தியமாக, தொடக்கத்தில் அவ்வளவுதான்!

ஒரு நாள் நீல நிறத்தில் ஒன்று வந்தது. மச்சான் கேட்டிருந்தார். என் விரல் சும்மா ஒரு படி ஏற்றிக் கேட்டது. விளையாட்டு என்றுதான் நினைத்தேன்; மறுநாள் சொல்லிச் சிரிக்கலாம் என்றிருந்தேன். அவர் ஏற்றினார். நான் ஏற்றினேன். அவர் மறுபடியும் ஏற்றினார். என் காது சூடாகிவிட்டது. கடையில் நின்ற வாடிக்கையாளருக்குத் துணியை அளந்து கொடுக்காமல், போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் விட்டுவிட்டார். நான் வென்றேன்!

வென்ற அந்த நிமிடத்தில் எனக்குக் கிடைத்தது என்ன? மகிழ்ச்சியா? பயமா? இன்றைக்கும் பெயர் வைக்கத் தெரியவில்லை.

அந்த வாரமே மச்சான் கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து பிளேன் டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

"எவனோ ஒரு மலைக்காற்றாம் மச்சான். அநியாய வெலைக்குத் தூக்கிட்டான்."

"கொழும்புக்காரனா இருக்கும்" என்றேன். "சல்லி கூடினவனுங்களோட நாம போட்டி போட ஏலுமா?"

"உண்மைதான்... அவனுக்கும் ஆச இருக்குமே. பாவம், நல்லா வெச்சிக்கட்டும்."

பாவம் என்றார்! அந்த நீல இயந்திரம் அவர் தலைக்கு நேர் மேலே, மாடியில், சேலைக் கட்டுகளுக்குப் பின்னால் கிடந்தது. நான் அவருக்கு இன்னொரு பிளேன் டீ சொன்னேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. நான் நிறுத்தவில்லை. அவர் கேட்பதை எல்லாம் நானும் கேட்டேன். அவர் கேட்காத பொருளை நான் திரும்பியும் பார்க்கவில்லை. சில சமயம் அவர் வென்றார், பல சமயம் நான். மாடியில் பெட்டிகள் கூடின. ஒன்றைக்கூட நான் ஓடவிட்டுப் பார்க்கவில்லை.

பொறாமையா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். எதன்மேல் பொறாமை? எனக்குக் கடை இருக்கிறது, மனைவி இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள். அவருக்கு இருந்ததெல்லாம் பழைய இரும்பும் ஒரு விருப்பமும். அந்த விருப்பத்தையா நான் கேட்டேன்? அதற்கும் விலை உண்டா? ஒன்றும் விளங்கவில்லை...

பிறகு அந்தப் பச்சை இயந்திரம் வந்தது.

மச்சான் ஹோட்டலில் சேர்ந்த புதிதில் அவர் கையில் முதன்முதலாகக் கொடுத்தது அதே வகைதானாம். படத்தைப் பார்த்த அன்றே பஸ் பிடித்து மாத்தளைக்கு வந்துவிட்டார். போனைக் கண்ணுக்கு மிக அருகே பிடித்துத்தான் பார்த்தார்; இரண்டு கண்ணிலும் வெண்புரை படர்ந்திருந்தது. ஒரு கண்ணுக்குக் கண்டியில் தனியார் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஏலம் முடிவதும் அதே நாள்.

"என்ட போன நீங்க வெச்சிக்கோங்க மச்சான்" என்றார். "எனக்காக நீங்க கேளுங்க. விட்டுறாதீங்க. என்ன வெலையானாலும் பரவால்ல."

"அப்பிடிச் சொல்லாதீங்க. ஒரு வெலைய சொல்லுங்க."

"உங்கள நம்பித்தானே தாறேன்! உங்களுக்குத் தெரியாததா?"

அவருடைய போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதே பையில்தான் என் போனும் இருந்தது.

ஏலம் முடியும் அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. கடைக்கதவை உள்ளே பூட்டிக்கொண்டு, துணி வெட்டும் மேசையில் இரண்டு போன்களையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிற்பகல் வெயில் கதவிடுக்கு வழியே உள்ளே விழுந்து கொண்டிருந்தது. தொடக்கத்தில் வேறு சிலரும் கேட்டார்கள். மச்சானின் போனில் நான் ஏற்றினேன். ஒவ்வொருவராக விலகினார்கள். விலை நியாயமாகவே இருந்தது. மச்சானின் பெயர் மேலே நின்றது. இனி நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா இருக்க வேண்டும்... அவ்வளவே!

என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

என் போனை எடுத்தேன். மலைக்காற்று ஒரு படி ஏற்றினான். உடனே மச்சானின் போன் 'டிங்' என்று கத்தியது: உங்களைவிட ஒருவர் அதிகமாகக் கேட்டிருக்கிறார். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது என்றால் நம்புவீர்களா? யார் இவன், ஒரு நல்ல மனிதரின் ஆசையில் மண் போடுகிறவன் என்று பல்லைக் கடித்தேன்! மச்சானுக்காக ஏற்றினேன். உடனே என் போன் கத்தியது. அதற்கும் கோபம் வந்தது. மறுபடியும் ஏற்றினேன்...

அந்தப் பக்கத்தில் எங்கள் இருவரைத் தவிர வேறு எவரும் இல்லை. இருவர் என்றா சொன்னேன்? ஒருவன்தான். நான் மட்டும்தான் இருந்தேன்!

நேரம் முடிந்தபோது மேலே நின்றது மச்சானின் பெயர். அந்த விலைக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளே வாங்கலாம்.

மலைக்காற்றையே வெல்ல விட்டு, பிறகு அந்த இயந்திரத்தை அவருக்குப் பரிசாகக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கும் தோன்றியது. மறுநாள் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணை மூடிக் கட்டியிருந்தார்கள். என் குரலைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

"கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சு... ஆனா வெல கொஞ்சம் கூடிப்போச்சு, மச்சான்."

விலையைச் சொன்னேன்.

"அவன்தானா?"

"அவன்தான்."

"கடைசி வரைக்கும் நின்டானா? நீங்களும் விடல்ல!" என்று என் முழங்கையைப் பிடித்துக் குலுக்கினார். "சொந்தத் தம்பிகூட இப்பிடிச் செய்ய மாட்டான் மச்சான்."

நான் தண்ணீர் வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டேன்.

சில வாரங்களுக்குப் பிறகு, சோறு பரிமாறிக்கொண்டே பரீதா தன் அண்ணனைப் பற்றிச் சொன்னாள். "நானா மத்தக் கண்ண இப்ப வெட்டல்லையாம். அதுக்கு வெச்சிருந்த சல்லியத்தான் அந்த மெஷினுக்குக் குடுத்திருக்காரு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில பேர் பதிஞ்சிருக்காராம். எப்ப கூப்புடுவாங்களோ தெரியா." பிறகு, "நீங்க அப்பிடி ஏத்திக் கேக்காம இருந்திருக்கலாம்" என்றாள்.

அவள் சொன்னது எந்தப் போனைப் பற்றி? ஒரு கணம் எல்லாம் தெரிந்துவிட்டதோ என்று நடுங்கினேன். அவள் கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

மறுநாளே பல்லேபொலைக்குப் போனேன். பணத்தை ஒரு பையில் கொண்டு போயிருந்தேன். மச்சான் பச்சை இயந்திரத்தைப் பழைய பெனியன் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஓடுகிறது என்றும், ஹோட்டலில் கேட்ட அதே குரல்தான் என்றும் சொன்னார். பையை நீட்டினேன். கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"சும்மா இருங்க மச்சான். நான் சொல்லித்தானே கேட்டீங்க? வார்த்த குடுத்தது நான்."

அப்போதுதான் சொன்னேன். "மச்சான்... அந்த மலைக்காற்று நான்தான்."

அவர் துடைப்பதை நிறுத்தினார். பார்வை தெளிந்த கண்ணால் என்னையே பார்த்தார். பிறகு அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. சிரித்தார்! உரக்கச் சிரித்தார்.

"எனக்கு சல்லி தாறதுக்காக இப்பிடியெல்லாம் பொய் சொல்றதா? வெலைய ஏத்தின பாவத்தையும் நீங்களே தலையில போட்டுக்கிறீங்களா? அல்லாஹ்வே... என்ன மனுசன் நீங்க!"

என் போன் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் போதும். அந்தப் பெயர், கேட்ட விலைகள், எல்லாம் அதில் இருந்தன. ஒரு விரலை அசைத்தால் போதும். அத்தனை விலைக்கு அசைந்த விரல்!

காட்டவில்லை.

சொல்லிவிட்டேன், அவர் நம்பாதது என் குற்றமல்ல என்று திரும்பும் வழியெல்லாம் எனக்கு நானே வாதாடினேன். அல்லது அவர் நம்பமாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேனா? அவர் சிரித்தபோது என் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியதே... அது நிம்மதியா? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். என்னை மன்னிக்கச் சொல்லி உங்களிடம் கேட்கவில்லை. மன்னிப்பது உங்கள் கையில் இல்லை. உரியவரோ மன்னிக்க எதுவும் இருப்பதாகவே எண்ணவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை. இடக்கண் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே போகிறது. அந்தப் பக்கமாக வருகிற வாகனம் தெரிவதில்லை என்று, வெள்ளிக்கிழமைகளில் நான் பல்லேபொலைக்கே போய் அவரைப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் செல்கிறேன். போன வெள்ளி மழை பெய்திருந்தது. பள்ளிவாசல் வாசலில் நனைந்த செருப்புகள் குவிந்து கிடந்தன.

"இங்க படி இருக்கு மச்சான், பாத்து" என்றேன்.

அவர் கீழே பார்க்கவேயில்லை. நான் சொன்ன இடத்தில் காலை வைத்தார்.