சர்க்கரை எவ்வளவு என்று சொல்லவில்லை

பழைய கோட்டைக்குள் இருக்கிற எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். வெளியே கிளம்புகிறவரை ‘எங்கே?’ என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காதாம். ராஜஸ்ரீயைக் கட்டிக்கொண்டு இருபத்தோரு வருஷம். நான் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை. நான் சாலைக் கடைத்தெருவில் என் பாத்திரக் கடையைத் திறக்கப் போவேன். அவள் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபுக்குப் போவாள். அங்கே எட்டு வருஷமாகத் தற்காலிக உதவியாளர். புரோகிராமிங் பரீட்சையில் தேறினால்தான் வேலை நிரந்தரம்.

போன வருஷம் அதில் தோற்றுவிட்டு வந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. அன்றைக்கு ரசத்தில் உப்பில்லை என்று கத்திவிட்டு எழுந்துபோனேன். ஒரு வாரம் கழித்து, அவளோடு வேலை பார்க்கும் மலையாளத்துப் பெண் அஸ்வதி சொல்லித்தான் விஷயமே தெரிந்தது. என்னை எதால் அடிப்பது!

இந்த வருஷம்தான் கடைசி வாய்ப்பு. அடுக்களை மேஜையில் லேப்டாப்பை வைத்து, காபி போடுகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதினாள். ‘மெயின்’ பகுதியில் சர்க்கரை இரண்டு ஸ்பூன் என்று குறித்தாயிற்று. கீழே, காபி போடும் வேலைக்கென்று ‘மெத்தட்’ என்கிற தனிப் பகுதி. ஓட்டினால், சர்க்கரையா, அப்படியென்றால் என்ன என்கிறது அது!

“நாலு வரி மேல எழுதியிருக்கேன். ஒரே ஃபைல்தானே, இதுக்குத் தெரியாதா?” என்று திரையோடு சண்டை பிடித்தாள்.

போனில் அஸ்வதி சிரித்தாள். “சேச்சி, மெயினுக்குள்ள வெச்சது மெயினுக்கு மட்டும்தான் தெரியும். கூப்பிடும்போது பிராக்கெட்டுக்குள்ள போட்டுக் கொடுக்கணும், கேட்டோ. மெத்தடும் வாங்கிக்க ஒரு இடம் வெச்சிருக்கணும்.”

இரண்டையும் செய்தாள். இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு காபி வந்தது. ராஜஸ்ரீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நம்மாத்துலயும் இதே கதைதான். நீங்களும் கேக்கலை, நானும் சொல்லலை” என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

பரீட்சை அன்று காலை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். கேட்டுக் காரியம் கெட்டால் பழி என் தலையில்தான். இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

“எங்கே கிளம்பிட்டே?”

திடுக்கிட்டுத் திரும்பினாள். கண் நிறைந்துவிட்டது. “பரீட்சைக்கு. ரொம்பப் பயமா இருக்கு. கூட வரேளா?”

கடையாவது ஒன்றாவது! போனேன்.

முந்தாநாள் சாயங்காலம் செருப்பைக் கூடக் கழற்றவில்லை, படியில் நின்றபடியே சொன்னாள்: “பாஸாயிட்டேன்!” வெட்கமில்லாமல் அழுதேன்.

அன்றைக்கும் ரசத்தில் உப்பில்லை. கத்தவில்லை, ஏன் என்று கேட்டேன்.

“சந்தோஷத்துல மறந்துபோச்சு” என்றாள்.