எனக்காகச் சுத்தம் செய்த காடு

ஞாயிறு காலை 6.10, விழுப்புரம்.

நெய்வேலிக்கு நேர்ப் பேருந்து எங்கே நிற்கும் என்று நான்கு பேரிடம் கேட்டேன். நான்கு பேரும் நான்கு பக்கம் கை காட்டினார்கள். நான்கு இடத்திலும் போய் நின்றுவிட்டு, பண்ருட்டி போய் மாறிக்கொள்ளலாம் என்று கிடைத்த வண்டியில் ஏறினேன். ஜன்னலோர இருக்கை கிடைத்தது, ஆனால் ஜன்னல் மூடாது. சாலை வேலை நடக்கிற இடத்திலெல்லாம் புழுதி நேராக என் முகத்துக்கே வந்தது. பண்ருட்டியில் முகம் கழுவத் தண்ணீர் பாட்டில் வாங்கினேன், இருபது ரூபாய். பயணச்சீட்டுக்கு அடுத்த செலவே முகம் கழுவ என்றால் மீதி எப்படி இருக்கும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

இவ்வளவு பாடும் எதற்கென்றால், ஒரு வகுப்புக்கு. நெய்வேலி நகரியத்தில் சிலர் சேர்ந்து மாதம் இரண்டு ஞாயிறு நாட்டுச் செடிகளைப் பற்றி வகுப்பு நடத்துகிறார்கள். எங்கள் பக்கத்துக் காட்டில் தானாக முளைக்கிற செடிகள் எவை, அழிந்துகொண்டிருப்பவை எவை, அவற்றை எப்படிக் காப்பாற்றுவது என்பதெல்லாம் பாடம். வயது வந்தவர்களுக்கு மட்டும். நர்சரியில் செடி வாங்கி வாங்கிக் கருகவிட்டு அலுத்துப்போன எனக்கு, தண்ணீர் ஊற்றாமலே வளருகிற செடி என்றதும் ஆசை வந்துவிட்டது. இந்த ஞாயிறு வெளியூர்க்காரர்களும் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள்.

காலை 8.45, நெய்வேலி.

பேருந்து நிலையத்தில் ஆட்டோக்காரரிடம் சமுதாயக் கூடம் என்றேன்.

"எந்த பிளாக்குங்க?"

பிளாக் எண் எழுதிய தாள் எங்கோ போய்விட்டது. செடி வகுப்பு நடக்கிற இடம் என்றேன்.

"செடி இல்லாத பிளாக்கே இங்க இல்லீங்களே."

அவர் சொன்னதும் சரிதான். வழி நெடுக இருபுறமும் தூங்குமூஞ்சி மரங்கள் கைகோத்து நிற்கின்றன. நிழலுக்குக் குறையே இல்லை. ஆனால் அது கடல் கடந்து வந்த மரம். ஒரே மாதிரித் தெருக்கள், ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ், ஒரே மாதிரி வேலி. மூன்று கூடங்களைப் பார்த்துவிட்டு நான்காவதில் இறங்கினேன். ஆட்டோக்காரர் நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். வாசலில் நின்ற ஒருவர் ஓடி வந்து என் பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

"வாங்க மேடம், வாங்க. உங்களுக்காகத்தான் காத்துகினு இருக்கோம்."

அவர்தான் கலியமூர்த்தி, வகுப்பின் ஒருங்கிணைப்பாளர். நிலக்கரிச் சுரங்கத்தில், தோண்டிய மண்ணைக் கொண்டுபோகிற கன்வேயர் பகுதியில் பெர்மனென்ட் வேலை. கம்மாபுரம் பக்கம் சொந்த ஊர். மற்ற வெளியூர்க்காரர்கள் எங்கே என்று கேட்டேன்.

"நீங்க மட்டுந்தாங்க வந்திருக்கீங்க," என்று பூரிப்போடு சொன்னார்.

ஒன்பது மணி வகுப்பு பத்தேகாலுக்குத் தொடங்கியது. அதற்குள் குத்துவிளக்கு ஏற்றி, எனக்குப் பொன்னாடை போர்த்தி, ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காகக் காத்திருந்து, போண்டாவும் சாப்பிட்டு முடித்திருந்தோம். பாடம் நடத்துகிற பூங்கோதை, விருத்தாசலம் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவர். அவர் ஒரு முள்செடிக் கொப்பைத் தூக்கிக் காட்டி இது என்ன என்று கேட்டதுதான் தாமதம். ஒருவர் சங்கஞ்செடி என்றார், ஒருவர் இசங்கு என்றார், ஒருவர் முட்சங்கு என்றார். இந்த நகரியத்தில் எல்லா மாவட்டத்துக்காரர்களும் இருக்கிறார்கள், எல்லோரும் அவரவர் ஊர்ப் பெயரை விட்டுக்கொடுப்பதாக இல்லை. இருபது நிமிடம் அதிலேயே போனது. மூன்றும் சரிதான் என்று பூங்கோதை சொன்ன பிறகும் இரண்டு பேர் பின்வரிசையில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள்.

ஆனால் அவர் பாடம் நடத்தத் தொடங்கியதும் நான் கடிகாரத்தை மறந்துவிட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? நாட்டுச் செடி முதல் இரண்டு வருடம் மேலே வளராது, கீழே வேரைத்தான் விடும் என்றார். பாத்தி கட்டாதீர்கள், வரிசையாக நடாதீர்கள், சுற்றியிருக்கிற புல்லைப் பிடுங்காதீர்கள், அந்தப் புல்தான் வெயிலில் அதற்குக் குடை என்றார்.

"நீங்க வளர்க்கிற இடம் பார்க்க அழகா இருந்தா, எங்கேயோ தப்பு பண்றீங்கன்னு அர்த்தம்."

பிறகு வீரை மரத்தைப் பற்றிச் சொன்னார். இந்தக் கடலோர மாவட்டங்களின் கோயில் காடுகளில் நிற்கிற மரம். தோல் போல் தடித்த இலை, இரும்பு போல் கட்டை. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இரண்டும் அருகருகே இருந்தால்தான் பழம் உண்டு, விதை உண்டு. தனியாக ஒன்று நின்றால் அது நிற்கிற வரைக்கும்தான்.

அப்போது கலியமூர்த்தி எழுந்தார். அவருடைய ஊர் ஐயனார் கோயிலைச் சுற்றி வீரைக் காடு இருந்ததாம். சுரங்கத்துக்கு நிலம் போனபோது சாமியை வேறு இடத்தில் வைத்துக் கும்பிட்டார்கள். மரங்களை எடுத்து வைக்க முடியவில்லை.

"நானே கன்வேயர்ல நின்னுகினு இருந்தேங்க. எங்க ஊரு மண்ணு என் கண்ணு முன்னாடியே பெல்ட்டுல போயிகினு இருந்துச்சி. சம்பளம் வாங்குற வேலை, என்னா பண்றது? மரத்தடியில கெடந்த கன்னுங்கள மட்டும் முன்னாடியே பேத்துகினு வந்துட்டேன்."

அந்தக் கன்றுகளை அவருடைய குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் காலியாக இருந்த நிலத்தில் வகுப்பு முழுவதும் சேர்ந்து நட்டிருக்கிறது. கூடவே காரை, சூரை, விராலி, ஆவாரை என்று இந்தப் பக்கத்துக் காட்டுப் புதர்களும். மூன்று வருட வேலை. அந்த ஊரின் வீரை இனி உலகத்தில் அங்கே மட்டும்தான் இருக்கிறது என்றார் பூங்கோதை. அதைப் பார்ப்பதுதான் அன்றைய வகுப்பின் இரண்டாம் பகுதி.

பகல் 12.20.

கலியமூர்த்தி வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தார். எல்லோரும் அவர் பின்னால் போனோம். முதலில் போனவர்கள் நின்றுவிட்டதால் பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டார்கள்.

செம்மண் தரை, வழித்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. ஒரு புல் கிடையாது. நடுவே பாதை, பாதையின் இருபுறமும் வெள்ளைப் பவுடரில் நேர்கோடு. கோட்டின் ஓரமாக இரண்டடிக்கு ஒன்றாக குரோட்டன்ஸ் தொட்டிகள். கோடியில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"காடு எங்கே?" என்று நான்தான் கேட்டேன்.

கலியமூர்த்தி கோட்டைத் தாண்டிப் போய் மண்ணைக் கிளறிப் பார்த்தார். நடந்தது இவ்வளவுதான். இந்த நகரியத்தில் வெளியிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் புல் செதுக்கி, பவுடர் கோடு போட்டு, தொட்டி கொண்டுவந்து வைப்பது வழக்கம். அது இங்குள்ளவர்கள் கையில் ஊறிப்போன பழக்கம். அவரும் முதல்நாள் கான்ட்ராக்ட் ஆட்களிடம், வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், பின்பக்கம் கொஞ்சம் நீட்டாகப் பண்ணிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு நைட் ஷிப்டுக்குப் போய்விட்டார். காலையில் நேராகக் கூடத்துக்கு வந்துவிட்டார். மூன்று வருடமாகப் பாத்தி கட்டாமல், வரிசை பார்க்காமல், புல்லைத் தொடாமல் பாடத்தில் சொன்னபடியே வளர்த்ததால், பார்த்தவர்களுக்கு அது வெறும் புதராகத்தான் தெரிந்திருக்கிறது.

வேலை பார்த்த அஞ்சலை என்ற பெண்மணி தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் முள்ளும் பொதருமா இருந்துச்சிங்க. பாம்பு வந்துடப் போவுதுன்னு வேரோட பேத்துட்டோம். நல்லாருக்குதுங்களா?"

எனக்கு வந்த கோபத்தில் கலியமூர்த்தியைப் பிடித்துக்கொண்டேன். காட்டைப் பார்க்க வருகிறவளுக்குக் காட்டை வெட்டியா வரவேற்பார்கள், ஒரு வார்த்தை நின்று சொல்லிவிட்டுப் போகக் கூடாதா என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். பொன்னாடை வேறு தோளில் கிடந்து கத்துவதற்கு இடைஞ்சலாக இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

பூங்கோதைதான் அஞ்சலையிடம் கேட்க வேண்டியதைக் கேட்டார். "பிடுங்கினதை எல்லாம் எங்கே போட்டீங்க?"

"டிராக்டர்ல போயிடுச்சிங்க. கடைசி பிளாக்குக்குப் பின்னாடி கொட்டிக் கொளுத்துவாங்க."

பகல் 12.50.

கலியமூர்த்தியின் மொபெட்டில் பின்னால் ஏறிக்கொண்டேன். பூங்கோதை தன் ஸ்கூட்டியில் அஞ்சலையை ஏற்றிக்கொண்டு முன்னால் போனார். இரண்டு கிலோமீட்டர் இருக்கும். தூரத்திலேயே புகை தெரிந்தது.

வீடு வீடாக வாரிய சருகும் கிளையும் மலையாகக் குவிந்திருந்தன. ஒரு ஓரத்தில் நெருப்பு பிடித்து எரிந்துகொண்டிருந்தது. அஞ்சலை யாரையும் கேட்காமல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இன்று கொட்டியது எந்தப் பக்கம் என்று பார்த்து இறங்கிவிட்டார். நாங்களும் இறங்கினோம். ஆவாரை அகப்பட்டது, வேர் அறுந்திருந்தது. காரை முள் என் முழங்கையைக் கிழித்தது. கண் எரிந்தது, மூக்கு எரிந்தது, விழுப்புரத்தில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டிருக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமையை நினைத்து வயிறும் எரிந்தது. கலியமூர்த்தி மட்டும் நெருப்புப் பக்கமே நின்று இரண்டு கையாலும் வாரி வாரி இழுத்தார். போதும் வாருங்கள் என்று பூங்கோதை கூப்பிட்டதை அவர் காதில் வாங்கவே இல்லை.

கடைசியில் வேரோடு ஐந்து வீரைக் கன்றுகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் முழங்கால் உயரம்கூட இல்லை. மூன்று வருட வளர்த்தி அவ்வளவுதான். ஈரச் சாக்கில் சுற்றி வைத்த பூங்கோதை, "ரெண்டு பிழைச்சா பெரிய விஷயம். இன்னைக்கே நட்டுடணும்," என்றார்.

எங்கே நடுவது? அதைக் கேட்டதும்தான் எனக்கு இந்த ஊர் புரிந்தது. கலியமூர்த்திக்கு வருகிற தை மாதம் ரிடையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்து கம்பெனியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். சேத்தியாத்தோப்பில் மகனோடு வாடகைக்கு மாடி வீடு பார்த்திருக்கிறார். வகுப்பில் இருக்கிற மற்றவர்களுக்கும் இன்றோ நாளையோ அதே கதைதான். யார் காலடி மண்ணும் அவரவர் மண் இல்லை. அடுத்து வருகிறவர் கொல்லையைச் சுத்தம் செய்யாமலா குடியேறுவார்? பூங்கோதை இருப்பதோ மூன்றாவது மாடியில்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வீடு சொந்தம், பின்னால் கொல்லை உண்டு என்று போண்டா சாப்பிடும்போது நானே பெருமையாகச் சொல்லித் தொலைத்திருந்தேன்.

கலியமூர்த்தி பேருந்து நிலையம் வரைக்கும் வந்தார். முன்கையில் ரோமம் கருகியிருந்தது. சாக்கை என் கையில் கொடுத்துவிட்டும் பிடியை விடவில்லை.

"எது ஆணு, எது பொண்ணுன்னு பூத்தாத்தான் தெரியும் மேடம். அது எத்தினி வருசமோ. பிரிச்சிடாதீங்க. ஒண்ணாவே இருக்கட்டும். எங்க ஊர்ல இருந்து நானே பேத்தேன். இங்கயும் என்னாலதான் பேத்துட்டாங்க. உங்க ஊட்டுல யாரும் பேக்க மாட்டாங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். கத்தியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்ல நினைத்தேன், அதற்குள் நடத்துநர் விசில் ஊதிவிட்டார்.

மாலை 4.30, பண்ருட்டி தாண்டி.

சாக்கை மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர், ஈரம் படுகிறது என்று இரண்டு முறை நகர்ந்து உட்கார்ந்தார். திருவதிகைப் பக்கம் மாலை வெயிலில் வயல்கள் நன்றாகத்தான் இருந்தன, பார்க்கத்தான் மனம் இல்லை. நெய்வேலிக்காரர்களுக்குத் தங்கள் மண் என்று ஒன்று இல்லை, அதனால் எல்லாவற்றையும் செதுக்கிப் போட்டு அழகு பார்க்கிறார்கள், நல்லவேளை நம் வீடு அப்படி இல்லை என்று எண்ணிக்கொண்டு கணவருக்குப் போன் செய்தேன். செடி கொண்டுவருகிறேன், கொல்லையில் எதையும் தொடாதீர்கள் என்றேன்.

"நீ அலுத்துப்போய் வருவே, பார்க்க லட்சணமா இருக்கட்டுமேன்னு காலைல இருந்து கொல்லையைத்தான் செதுக்கிகிட்டு இருக்கேன்," என்றார். "அந்த வேலியோரம் கண்டபடி மண்டிக் கிடந்துச்சே, சுத்தமா எடுத்துட்டேன். பளிச்சுன்னு இருக்கு."

பேருந்து நிறைய ஆட்கள் இருந்ததால் கத்த முடியவில்லை. கத்தவும் தோன்றவில்லை. இவருக்கும் கலியமூர்த்திக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பேரும் எனக்காகத்தான் செய்தார்கள்.

"மண்வெட்டி இன்னும் கையில இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. ஏன்?"

"வேலியோரமா, பக்கத்துல பக்கத்துல அஞ்சு குழி வெட்டுங்க. வெட்டிட்டு அந்த மண்வெட்டியை யாருக்காவது கொடுத்துடுங்க."