தனியாக நிற்பவன் நிற்கட்டும்

பாண்கார அண்ணன் மைதானத்தை விட்டு வெளியே நடந்து வந்தது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. யாரும் கோல் போடவில்லை. நான் கோட்டருகே நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டேன். அவர் ஒருமுறை திரும்பி, தான் நின்ற இடத்தைப் பார்த்தார். பிறகு வந்தார். அவரை வெளியே எடுத்தது நான்தான். கழகத் தலைவர் சொன்னார், சனம் கத்தியது, எல்லாம் உண்மை. கை என்னுடையது.

அவர் கண்டியை அடுத்த திகன பக்கம் திரீவீலரில் வீடு வீடாகப் போய் பேக்கரிப் பாண் விற்பவர். காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. மாலைச் சுற்றை முடித்துவிட்டு வண்டியைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் நிறுத்தி, சப்பாத்தை மாற்றிக்கொண்டு பயிற்சிக்கு வருவார். வயது நாற்பதை நெருங்கியிருந்தது. அவருக்குப் பயிற்சி கொடுத்த நான் நாலு வயது இளையவன். கண்டியில் ரக்பி என்றால் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். உதைபந்தாட்டக்காரர்களான எங்களுக்கு வாரத்தில் இரண்டு மாலை, அதுவும் ஒரு பக்கம் சரிந்த மைதானம் கிடைத்தது. அதில் நான் இரண்டே விஷயங்களைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தேன். நடுவில் பந்தைக் கிட்டத்தில் கொடுத்து வாங்குவது ஒன்று. பந்து எதிராளியிடம் போனதும் எல்லாரும் நெருங்கி நிற்பது மற்றது. பந்து இடது பக்கம் போனால் முழு டீமும் இடது பக்கம் நகர வேண்டும். ஆளுக்கு ஆள் பத்துக் காலடிக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது.

அப்படி நகர்ந்தால் வலது கோட்டருகே எதிராளி ஒருவன் தனியாக நிற்பான். நிற்கட்டும். அவனுக்குப் பந்து போக வேண்டுமென்றால் எங்கள் தலைக்கு மேலால் நீளமாக அடிக்க வேண்டும். அது போய் விழுவதற்குள் நாங்கள் அங்கே நகர்ந்துவிடலாம். விளையாடுகிறவனுக்கு இது விளங்கும். பார்க்கிறவனுக்கு விளங்காது. ஒருத்தன் தனியாக நிற்பதைக் கண்டால் பார்க்க வந்த சனத்துக்கு வயிறு எரியும்.

பாண்கார அண்ணன் வேகமாக ஓடமாட்டார். பந்து காலுக்கு வருமுன் தோளுக்கு மேலால் ஒரு பார்வை பார்ப்பார். இரண்டு தட்டில் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிடுவார். அதைவிடப் பெரிய விஷயம் அவருடைய குரல். எங்கள் டீமில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பெடியன்கள் கலந்திருந்தார்கள். நான் நம்பர் சொல்லிக் கத்துவேன், ஒருவனும் திரும்பமாட்டான். அவரோ எல்லார் வீட்டு வாசலிலும் பாண் கொடுத்தவர். எந்த வீட்டில் மகனை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். வலது பக்கம் தடுப்பவன் விலகி நின்றால், "தங்கவாப்பா, உள்ள வா" என்பார். அவனுடைய உம்மா அவனைக் கூப்பிடுகிற பெயர் அது. இடது பக்கத்துச் சிங்களப் பெடியன் அவருக்கு "சுது மல்லி", வெள்ளைத் தம்பி. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த முரடன் "குட்டி". வீட்டுப் பெயர் காதில் விழுந்தால் யோசிக்காமல் கால் திரும்பிவிடுகிறது. ஆறு மாதமாக நான் கத்திச் செய்ய முடியாததை அவர் மூன்று வாரத்தில் செய்து முடித்தார்.

அந்த மெட்ச் நாவலப்பிட்டியிலிருந்து வந்த டீமோடு. வென்றால் இறுதிப் போட்டி. எங்கள் கழகத் தலைவர் ஹார்ட்வெயார் கடைக்காரர், ஜேர்சி வாங்கித் தந்தவர். கோட்டருகே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் பந்தைப் பின்னால் கொடுக்கும்போதெல்லாம் சனம் கூவியது. "பாண் வித்த களைப்பு இன்னும் போகல்ல போல" என்று ஒருவன் சொல்ல, தலைவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு எழுந்து என்னிடம் வந்தார்.

"கோச், அந்தப் பக்கம் ஒருத்தன் தனியா நிக்கிறான். ஒங்களுக்குக் கண்ணு தெரியாதா? பாண்காரன எடுத்துட்டு என் மருமகனப் போடுங்க. இல்லாட்டி நாளைக்கு வேற கோச் பார்ப்போம்."

எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. கையைத் தூக்கினேன்.

மருமகன் நல்ல வேகக்காரன். உள்ளே போனவன் தனியாக நின்றவனைத் தேடி ஓடினான். சனம் கைதட்டியது. நடுவில் லொறி திருப்புகிற அளவுக்கு இடம் விழுந்தது. மூன்று கோல் வாங்கினோம், மூன்றும் அந்த இடத்தால் வந்தவை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனிடம், இங்கிருந்தாவது கூப்பிடுங்கள் என்றேன்.

"உள்ள நின்னு கூப்பிட்டாத்தான் திரும்புவானுங்க சேர்," என்றார். "வெளிய இருந்து கூப்பிட்டா அது வெறும் சத்தம்."

அடுத்த வாரக் கூட்டத்தில் தோல்விக்குக் காரணம் பாண்காரர் என்றார்கள். கோல் விழுந்தபோது மனிதர் வெளியே உட்கார்ந்திருந்தார். அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. என் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி அந்தக் கூட்டத்துக்கு உரியது.

அவர் பயிற்சிக்கு வரவில்லை. இரண்டு வாரம் பொறுத்துவிட்டு, தெல்தெனிய ரோட்டில் அவருடைய வண்டியை மறித்தேன். திரும்பி வாருங்கள் என்றேன். ஒரு அம்மாவுக்கு மீன் வைத்த மாலுபாண் எடுத்துக் கொடுத்து, மீதிச் சில்லறையும் கொடுத்து முடிக்கும்வரை என்னைக் காக்க வைத்தார்.

"நீங்க கூப்பிட்டுத்தானே வெளிய வந்தேன். இப்பவும் கூப்பிடுறீங்க, வாறேன். ஆனா இனிமே பாதியில கூப்பிடக் கூடாது சேர்."

சரி என்றேன். கை கொடுக்கவோ சத்தியம் செய்யவோ இல்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வருடமும் அரையிறுதிக்கு வந்தோம். தெல்தெனிய டீம். ஒன்றுக்கு ஒன்று. பந்து இடது பக்கம் இருந்தது, எங்கள் ஆட்கள் எல்லாரும் இடது பக்கம் நெருங்கி நின்றார்கள், வலது கோட்டில் ஒருவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தனியாக நின்றான். சனம் கத்தியது. அண்ணன் மூச்சு வாங்கியபடி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தலைவர் எழுந்து வந்து அதே வார்த்தைகளைச் சொன்னார். பாண்காரனை எடு, இல்லாவிட்டால் நாளைக்கு வேறு கோச்.

"நாளைக்குப் பாருங்க," என்றேன். "இன்னைக்கு இன்னும் இருவது நிமிஷம் இருக்கு."

சொன்னதைத் தலைவர் செய்தார். அடுத்த நாளே நீக்கினார்கள். இப்போது வேறு ஊரில், வேறு டீமோடு, இதே வேலையைத்தான் செய்கிறேன். அங்கேயும் தகப்பன்மார் கோட்டருகே வந்து, தனியாக நிற்பவனை எனக்குக் காட்டித் தருகிறார்கள். காட்டட்டும். இந்தக் கதையைச் சொன்னால், அந்த மெட்சை வென்றீர்களா என்று கேட்கிறார்கள். இல்லை, பெனால்டியில் தோற்றோம். அதைக் கேட்டதும் தலையை ஆட்டுகிறார்கள், தலைவர் சொன்னது சரிதானே என்பது போல. கடைசி விசில் அடித்தபோது பாண்கார அண்ணன் உள்ளே நின்றார்.