இஸ்டீரியா என்றார்கள்

பள்ளிகொண்டாவை நெருங்கும்போது குதிகால் கொப்புளம் உடைந்தது. சத்துவாச்சாரியில் மாமியார் வீட்டிலிருந்து விடியலில் கிளம்பியவன், வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தேன். என் மனைவி அங்கேயே இருந்தாள். தோல் வேலையை விட்டுவிட்டு வேறு வேலையோடு வந்தால்தான் அவளை என்னோடு அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் குழந்தை இறந்த பிறகு மாமியார் வீட்டில்தான் தங்கியிருந்தோம். அங்கே அவள் பல் கிட்டிப்போய் விழ ஆரம்பித்தாள். பேய் என்றார்கள். பேய் என்றிருந்தவரை தெருப் பெண்கள் கஞ்சி கொண்டுவந்தார்கள், தலையைத் தடவிக் கொடுத்தார்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா இங்கிலீஷில் சொன்னதை நர்சு தமிழில் சொன்னாள்: "பேயும் இல்ல, காக்கா வலிப்பும் இல்ல. இஸ்டீரியா. துக்கம் ஜாஸ்தியானா இப்டி வரும். யாரும் திட்டாதீங்க."

நாங்கள் வீடு திரும்பிய வாரமே அந்தச் சொல் கிணற்றடிக்குப் போய்விட்டது. யாராவது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால், "இன்னாடி, உனக்கும் இஸ்டீரியாவா?" என்று சிரித்தார்கள். உடம்பில் நோயில்லை என்றால் வேஷம் என்றுதான் அவர்களுக்கு அர்த்தம். கஞ்சி நின்றுபோனது.

வலிப்பு வந்து விழுந்தவர் மூக்கில் செருப்பைக் காட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். தோல் பதனிடும் தொட்டித் தண்ணீரில் ஊறிய என் செருப்பைத்தான் எடுப்பார்கள். அவளும் கண்ணைத் திறப்பாள்.

"பாத்தியா, எல்லாம் நடிப்பு," என்பான் மச்சான்.

"இல்லடா, தோல் நாத்தம் அவளுக்கு ஒத்துக்கல. மாப்ள வேலைய மாத்தணும்," என்பாள் மாமியார்.

செருப்பைக் காட்டினால் எப்படி விழிப்பு வருகிறது என்று தனியாக இருக்கும்போது என் மனைவியிடம் கேட்டேன். "அந்த வாசனை வந்தா நீ வேல முடிஞ்சி வந்துட்டன்னு நெனச்சிக்கிறேன் மாமா. கண்ண தொறந்தா இவங்கதான் நிக்கிறாங்க," என்றாள்.

மாமியாரிடம் இதைச் சொன்னேன். அதுவும் இஸ்டீரியாதான் என்றாள். நான் கிளம்பியபோது வாசலில் செருப்பைக் காணோம். என் மனைவியின் புடவை மூட்டைக்குள் அதன் வார் தெரிந்தது. கேட்காமல் வந்துவிட்டேன்.

அன்றைக்கு இரவு பள்ளிகொண்டாவில் கோயில் பக்கத்துச் சத்திரத்தில் படுத்தேன். மறுநாள் காலையில், தோல் பதனிட ஆவாரம்பட்டை உரித்து அனுப்பும் மேஸ்திரி ஒருவர் கரட்டுக் காட்டுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். இதுவரை தோல் தொட்டியில் வேலை செய்தேன் என்று சொல்லி நானும் போய் நின்றேன்.

"தொட்டி வேல தெரிஞ்சவன் இங்க இன்னாத்துக்குப்பா வர்ற? கூலி கம்மி."

"தோலைத் தொடாத வேல வேணுங்க."

"பொண்டாட்டி உத்தரவா?"

"அவ வீட்டு உத்தரவு."

அவர் சிரித்துக்கொண்டே அரிவாளை நீட்டினார். நான் பட்டை உரிக்கப் போனேன்.