மூணு தட்டு, ரெண்டு கம்பெனி

செல்போன் ரிப்பேர் கடைக்காரனுக்குக் கீழே விழுந்து உடையும் போனால் ஒரு தொல்லையும் இல்லை. ராத்திரி நன்றாக இருந்து, காலையில் எழுந்து பார்த்தால் உள்ளுக்குள்ளே வேறு போனாக மாறிக் கிடக்கிறதே, அதுதான் தொல்லை.

என்னைப் போலக் கடை போட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கும், வீட்டில் எல்லார் போனையும் பார்த்துக்கொடுக்கும் பாவப்பட்ட பிறவிகளுக்கும் இது சொல்லாமலே புரியும். ஊரிகம் ஸ்டேஷன் பக்கத்தில் என் கடை. கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன். சுரங்கத்தை மூடினார்கள், நான் கடையைத் திறந்தேன். என்னிடம் வருகிற போன்கள் இரண்டே வகை. ஒன்று வெள்ளைப் பெட்டியில் வருவது, மற்றது கறுப்புப் பெட்டியில் வருவது. கம்பெனிப் பெயரை எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று ஒருவர் பயமுறுத்தி வைத்திருக்கிறார். யார் என்று கேட்காதீர்கள், நானேதான்.

இந்த இரண்டு கம்பெனியும் பரம விரோதிகள். ஆனால் வெள்ளைப் பெட்டியில் போன வருஷம் வந்தது இந்த வருஷம் கறுப்புப் பெட்டியில் வரும். கறுப்புப் பெட்டியில் பழசாகிப்போனதை வெள்ளைப் பெட்டிக்காரன் மேடை போட்டு, விளக்கு போட்டு, தானே கண்டுபிடித்ததாகச் சொல்லுவான். செய்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன என்றுதான் இருந்தேன். நடுவில் என் சிநேகிதன் ஆரோக்கியசாமி வந்து மாட்டினான். அவன் கே.ஜி.எஃப்.பிலேயே இருப்பானா, பெங்களூரில் மகளின் மூன்றாவது மாடி பிளாட்டுக்குப் போய்விடுவானா என்பது இந்த இரண்டு கம்பெனிக்காரன் கையில் போய் நின்றது.

ஆரோக்கியத்தின் கை

ஆரோக்கியம் சுரங்கத்தில் கேஜ் வாசலில் மணி அடித்தவன். கேஜ் என்றால் ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழி வழியாக ஆட்களைப் பூமிக்குள் இறக்கி ஏற்றும் கூண்டு. கல் ஏறினால் ஒரு கணக்கு, ஆள் ஏறினால் மூன்று மணி. மூன்று அடித்தால் இன்ஜின் ஓட்டுகிறவன் பூப்போல இழுப்பான். காலமெல்லாம் அடித்து அடித்து அந்த மூன்று இவன் விரலில் ஊறிவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க வேண்டுமானால், கைக்கு எட்டியதில் மூன்று தட்டு தட்டுவான். ஒன்றும் இல்லையென்றால் தன் நெஞ்சில். கல்யாணத்தன்று சர்ச்சில் மோதிரம் மாற்ற எழுந்தவன் பெஞ்சில் மூன்று தட்டினான். ஆர்கன் வாசிக்கிறவர் தனக்குத்தான் ஜாடை என்று பாட்டை எடுத்துவிட்டார். தூக்கத்தில் புரண்டு படுப்பதற்கும் தட்டுவான் என்று அவன் மனைவி சொல்லியிருக்கிறாள். அவள் சொல்லாவிட்டாலும் நான் சொல்லுவேன்.

அவள் இறந்துபோனபின் மைசூர் மைன்ஸ் லைன் வீட்டில் தனியாக இருக்கிறான். பெங்களூரில் இருக்கும் மகள் ஸ்டெல்லா ஒரு வெள்ளைப் பெட்டி போன் வாங்கிக் கொடுத்து, அதில் ஒரு வசதியையும் போட்டுவிட்டுப் போனாள். ஆபத்தென்றால் போனின் முதுகில் மூன்று தட்டினால் போதும், மகளுக்கு அழைப்பு போய்விடும். போன் இருப்பதோ சட்டைப்பையில், நெஞ்சுக்கு மேலே. மற்றதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். டீ குடித்து எழுந்தால் அழைப்பு, சர்ச்சில் முழங்காலிலிருந்து எழுந்தால் அழைப்பு. அவள் எடுத்தால் உள்ளே டீக்கடை சத்தம், இல்லாவிட்டால் ஞானப்பாட்டு. ஒருநாள் சீட்டாட்டத்தில் இவனுக்குத் தொடர்ந்து தோல்வி. எழுந்து எழுந்து உட்கார்ந்திருக்கிறான். அழைப்பு மேல் அழைப்பு. அவள் ஆபீசைப் போட்டது போட்டபடி விட்டு ரயிலேறி ஓடிவந்தால், அப்பன் கையில் சீட்டோடு, "இன்னாம்மா, லீவா?" என்கிறான்.

நேரே என் கடைக்கு வந்தாள். "அங்கிள், ஒண்ணு அப்பா கைய நிறுத்துங்க, இல்ல இந்தப் போனு கூப்பிடறத நிறுத்துங்க. ஆனா ஆபத்துன்னா மட்டும் எனக்கு கால் வந்தே ஆவணும். முடியலன்னா ஈஸ்டர் முடிஞ்சதும் அவர பெங்களூருக்கு இட்டுகினு போயிடுவேன், சொல்லிட்டேன்!"

ஒரு வீட்டில் இரண்டு பெட்டி

தட்டாமல் ஆபத்துக்கு அழைக்கிற போன் எது என்று தேடினேன். இதற்குச் சேகர் வீட்டைவிட நல்ல பரிசோதனைச் சாலை கிடையாது. சேகர் தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர், வெள்ளைப் பெட்டி. அவர் மனைவி லலிதா கறுப்புப் பெட்டி. அந்த வீட்டில் சாம்பாருக்குச் சண்டை வந்து நான் பார்த்ததில்லை, போனுக்குத்தான் வரும். போட்டோவில் ஓர் ஆளை அழுத்திப் பிடித்தால் ஆள் மட்டும் தனியே கழன்று வரும் என்று சேகர் ஒரு வருஷம் தெருவெல்லாம் காட்டினார். அடுத்த அப்டேட்டில் லலிதா போனிலும் அதே வந்தது. அந்த அம்மா முதல் வேலையாகக் கல்யாணப் போட்டோவைத் திறந்து, தன்னை மட்டும் கழற்றி எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டார்.

என் கதையைக் கேட்டு லலிதா தன் போனைக் காட்டினார். பக்கத்துப் பட்டனைத் தொடர்ந்து ஐந்து தடவை அமுக்கினால் ஆபத்து அழைப்பு. தட்டுவது என்ற பேச்சே இல்லை. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. கிளம்பும்போது அவர் சொன்னதை நான் ஜோக் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தேன். எச்சரிக்கை என்று எடுத்திருக்க வேண்டும். "அண்ணே, இவரு போன்ல இருக்கறதெல்லாம் ஒண்ணுவிடாம என் போன்ல வந்துடுது. இவருதான் வாங்கினப்போ இருந்த மாதிரியே இருக்காரு. இவருக்கு எதுனா அப்டேட் இருந்தா போட்டு வுடுங்களேன்."

கறுப்புப் பெட்டி தந்த நிம்மதி

ஆரோக்கியத்தைக் கறுப்புப் பெட்டிக்கு மாற்றினேன். மாற்றுவது லேசில்லை. பழைய போனில் பின்னால் போக இடமிருந்து தள்ளவேண்டும், இதில் கீழே ஓர் அம்புக்குறியை அமுக்கவேண்டும். "இன்னா மச்சான், மேல போறதுக்கு ஒரு வழி, கீழ வர்றதுக்கு ஒரு வழியா? ஷாஃப்ட்ல கூட ஒரே வழிதான்டா" என்று புலம்பினான். ஒரு வழியாகப் பழக்கினேன். சட்டைப்பையில் போன், நெஞ்சில் மூன்று தட்டு, பெங்களூரில் அமைதி. ஸ்டெல்லா எனக்கு ஒரு கேக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் பாதியை ஆரோக்கியமே தின்றான்.

கேக் ருசி நாக்கில் இருக்கும்போதே கறுப்புப் பெட்டிக்கு அப்டேட் வந்தது. 'புத்தம் புதிய அனுபவம்! போனின் முதுகில் மூன்று முறை தட்டுங்கள்!' என்று திரையில் பூமாரி பொழிந்தது. கேட்காமல் கொள்ளாமல் அதுவே ஆன் ஆகியிருந்தது. ஐந்து அமுக்கலுக்குப் போட்டிருந்த மகள் நம்பரை அதுவே எடுத்து மூன்று தட்டுக்கும் வைத்துக்கொண்டது. அன்று ஆரோக்கியம் என் கடை பெஞ்சிலிருந்து எழுந்து, நெஞ்சில் தட்டி, ஓர் அடி வைப்பதற்குள் பாக்கெட்டிலிருந்து, "அப்பா! அப்பா! இன்னா ஆச்சு?" என்று குரல் கேட்டது. அவன் மெல்லத் திரும்பி உட்கார்ந்தான். அப்போதும் தட்டினான். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்: "மச்சான், பெட்டிதான்டா மாறுச்சு. உள்ள இருக்கறவன் அதே ஆளுடா."

அது குறை இல்லை

அந்த வசதியை நான் அணைத்தேன். அடுத்த சின்ன அப்டேட் வந்து அதை எழுப்பியது. மறுபடி அணைத்தேன், மறுபடி எழுந்தது. சரி, பழைய வெள்ளைப் பெட்டியையே தூசி தட்டி எடுப்போம் என்று எடுத்தால், அதற்குள் அதில் ஐந்து தடவை பட்டன் அமுக்குவது வந்து உட்கார்ந்திருக்கிறது! கறுப்பில் வெள்ளை, வெள்ளையில் கறுப்பு. வெள்ளையிலும் தட்டலை அணைத்துப் பார்த்தேன். அதிலும் அப்டேட் வந்து எழுப்பிவிட்டது. தூங்கவிடாமல் செய்வதையும்கூடப் பார்த்து எழுதியிருக்கிறான்கள்.

கறுப்புப் பெட்டிக் கம்பெனியின் உதவி நம்பருக்கு அடித்தேன். பாட்டு, அதற்குப் பின் இன்னொரு பாட்டு, அப்புறம் தேன் ஒழுகும் குரலில் ஒரு பெண். கேஜ், மணி, மகள், ஈஸ்டர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். என் சிநேகிதன் தட்டுவதை நிறுத்தலாமே என்றாள். அவனை எந்த செட்டிங்கில் போய் அணைப்பது என்று கேட்டேன். இதை எதிரிக் கம்பெனியிடமிருந்து எடுத்தீர்களே, எடுத்தவர்கள் அணைக்கிற வழியையும் சேர்த்து எடுத்திருக்கக் கூடாதா என்றும் கேட்டுவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு முதல் தடவையாகக் குரல் ஏறியது. "சார், நீங்க தப்பா சொல்றீங்க. உலகத்துலேயே இந்த ஃபீச்சர் எங்ககிட்ட மட்டும்தான் சார் இருக்கு!"

நான் விட்ட ரயில்

அந்த எரிச்சலில் ஒரு கதை விட்டேன். இந்தக் கம்பெனிகள் எப்படி ஒன்றைப் பார்த்து ஒன்று செய்கின்றன பெரியவரே என்று ஒரு வாடிக்கைக்காரர் கேட்டார். இரண்டு கம்பெனி இன்ஜினீயர்களும் காலையில் நம்ம மாரிகுப்பம் வண்டியில்தான் பெங்களூர் போகிறார்கள் என்றேன். "நிக்க இடம் எங்க இருக்குது? ஒருத்தன் லேப்டாப்பத் தொறந்தா, பின்னாடி நிக்கறவன் இவன் தோள் மேலதான் தாடைய வெச்சுக்கணும். பங்காரப்பேட்டை வர்றதுக்குள்ள பாதி காப்பி ஆயிடும்." அவர் தலையாட்டிக்கொண்டே போனார்.

சில வாரத்தில் முகமே தெரியாத ஒருவர் டிஸ்ப்ளே மாற்ற வந்தார். உட்கார்ந்ததும் அதே கதையை எனக்குச் சொன்னார். என் கதைதான், ஆனால் மேலே நன்றாக நெய் ஊற்றியிருந்தது: பங்காரப்பேட்டை பிளாட்பாரத்தில் இரண்டு இன்ஜினீயரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்களாம், ரயில்வே போலீஸ் வந்து விலக்கினதாம், அவர் மச்சான் கண்ணால் பார்த்தானாம். என்னுடையதைவிட நன்றாக இருந்தது என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அப்படியெல்லாம் ஒன்றும் நடந்திருக்காது ஐயா என்று மெல்ல மறுத்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உங்களுக்கு எங்க தெரியப் போவுது பெரியவரே? நீங்க நாள் பூரா கடைக்குள்ளயே உக்காந்துகினு இருக்கீங்க."

பெல்ட் வைத்தியம்

ஈஸ்டர் நெருங்கியது. ஸ்டெல்லா பெங்களூரில் அப்பாவுக்கு அறை ஒழித்துவிட்டாள், கட்டிலும் போட்டாகிவிட்டது. ஆரோக்கியம் என் கடைக்கு வந்து எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருப்பான். அவன் தட்டாமல் இருப்பது அப்டேட்டைவிட எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டுவதை விட்டேன். சுரங்கத்தில் தலைவிளக்கின் பேட்டரியை இடுப்பில் மாட்டிக்கொள்வோமே, அந்தத் தோல் பெல்ட் அவன் வீட்டில் இருந்தது. அதில் தடித்த தோலால் ஓர் உறை தைக்கச் சொல்லி, போனை இடுப்பில் தொங்கவிட்டேன். பட்டன் மட்டும் வெளியே தெரியும். நெஞ்சில் அவன் எவ்வளவு வேண்டுமானாலும் தட்டிக்கொள்ளட்டும், இடுப்புக்கு எட்டாது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா வந்து பார்த்தாள். பட்டனை அமுக்கினால் அழைப்பு வந்தது, நெஞ்சில் தட்டினால் வரவில்லை. கேட்டது கேட்டபடி. திருப்தியாகப் போனாள். நானும் இரண்டு கம்பெனியையும் ஜெயித்துவிட்டதாக ஒரு பன் வாங்கித் தின்றேன்.

மறுநாள் மதிய வண்டியில் வந்து இறங்கினாள் ஸ்டெல்லா. முகமெல்லாம் வேர்வை. கடை பெஞ்சில் அப்பன் உட்கார்ந்து பட்டாணி தின்றுகொண்டிருப்பதைப் பார்த்ததும் அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். "காலையிலேர்ந்து ஒரு காலும் வரல அங்கிள். ஒண்ணு கூட வரல" என்றாள். நீதானேம்மா வரக்கூடாது என்றாய் என்று ஆரம்பித்தேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "எந்திரிச்சாருன்னா வரும், டீக்கடைக்குப் போனாருன்னா வரும், கோயிலுக்குப் போனாருன்னா வரும். திட்டுவேன், ஆனா அப்பா நடமாடறாருன்னு எனக்குத் தெரிஞ்சுகினே இருந்துது. இன்னிக்கு போன் சும்மா கெடக்குது. அஞ்சு தடவ அமுக்கக்கூட முடியாம விழுந்துட்டாரோன்னு..."

ஆரோக்கியம் பட்டாணிப் பொட்டலத்தை மடித்தான். உறையைப் பிரித்துப் போனை எடுத்துப் பழையபடி சட்டைப்பையில் போட்டான். "அப்ப பெங்களூரு?" என்று மட்டும் கேட்டான். கேட்டுவிட்டு நெஞ்சில் மூன்று தட்டு தட்டி எழுந்து நின்றான். ஸ்டெல்லாவின் கையிலிருந்த போன் அடித்தது. எதிரே நிற்கிற அப்பனின் அழைப்பை எடுத்துக் காதில் வைத்து, அவனைப் பார்த்துக்கொண்டே போனில் சொன்னாள்: "அங்க மூணாவது மாடியில நீ எங்கப்பா எந்திரிச்சுப் போவப் போற? எனக்கு நாளுக்கு ஒரு கால் கூட வராது. இங்கயே இருந்து தட்டு."

இரண்டு கம்பெனிக்காரனும் ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் எழுதி இரண்டு பேருமே பாஸாகிவிட்டான்கள். பரீட்சை எழுதியவனைப் போலக் களைத்துப்போய் உட்கார்ந்திருப்பது நான் ஒருத்தன்தான்.