ஆர்லிஸ் ஹௌகனின் கோணல் தையல்

பனிக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் பாலைவனத்தில் உட்கார்ந்து போர்வை தைக்கிறார்கள். இதைவிட முட்டாள்தனமான காரியம் அரிசோனாவில் வேறு எதுவும் நடப்பதாக எனக்குத் தெரியவில்லை. கோடையில் வெளியே நூற்றுப் பதினைந்து டிகிரி கொதிக்கும். உள்ளே ஏசியை நடுங்க நடுங்க வைத்துக்கொண்டு, தைத்ததைப் போர்த்திக்கொண்டு, மின்கட்டணம் ஏறிவிட்டது என்று புலம்புவார்கள்.

எங்கள் குடியிருப்புக்குப் பெயர் சவாரோ மெடோஸ். மெடோஸ் என்றால் புல்வெளி. இங்கே புல்லைப் பார்க்க வேண்டுமென்றால் கோல்ஃப் மைதானத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கும் குளிர்காலத்தில் பச்சைச் சாயம் அடிக்கிறார்கள். ஐம்பத்தைந்து வயது ஆகாதவர்களுக்கு இங்கே வீடு கிடையாது. காலைக் காப்பிக் கூட்டத்தில் ஒருவர் முழங்கால் மாற்றினேன் என்று ஆரம்பித்தால், அடுத்தவர் இரண்டையும் மாற்றினேன் என்பார். மூன்றாமவர் சட்டையைத் தூக்கி நெஞ்சுத் தழும்பைக் காட்டுவார். அதற்கு மேல் பேச்சு இல்லை, அவர்தான் அன்றைக்கு ராஜா.

என்னையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அயோவாவில் டிராக்டர் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற நான், இங்கே வரும்போது தூண்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பாலைவனத்துக்கு! மீன் பிடிக்க வழியில்லாமல், கிளப் கட்டடத்தில் கல்லுக்கு மெருகேற்றுகிறவர்களோடு சேர்ந்துவிட்டேன். எங்கள் கல் அறைக்கும் போர்வைக்காரிகளின் அறைக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. அது சரியாகச் சாத்தாது. அந்தக் கூட்டத்தின் மகிமையெல்லாம் எனக்குத் தெரியவந்தது அப்படித்தான்.

ஆர்லிஸ் ஹௌகன் எனக்குப் பக்கத்து வீடு. மினசோட்டாவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் ஆயுசில் பாதியை வேகவைத்தவள். கணவனின் மூச்சுக்கு வறண்ட காற்று நல்லது என்று யாரோ சொல்ல, எல்லாவற்றையும் விற்றுவிட்டு இங்கே வந்தார்கள். வறண்ட காற்றைப் பிடித்து இரண்டு வருஷத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். அவருடைய சாம்பல் தொலைக்காட்சிக்கு மேலே ஜாடியில் இருக்கிறது. ஆர்லிஸ் தங்கிவிட்டாள். பித்தப்பையை எடுத்தார்கள், இடுப்பு மூட்டை மாற்றினார்கள்; அசைந்து கொடுக்கவில்லை.

அவளுடைய கர்வமெல்லாம் தையலில்தான். மேல் துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி, இந்த மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத்தையல் போடும்போது அங்குலத்துக்குப் பத்துத் தையல் விழும் அவளுக்கு. மற்றவர்களுக்கு ஆறு, ஏழு; உயிரைக் கொடுத்தால்தான் பத்து. "பத்துக்குக் கொறஞ்சா அது தையல் இல்ல வெர்ன், சாக்குமூட்டை கட்டறது," என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமைதோறும் எட்டுப் பெண்கள் ஒரு பெரிய மரச்சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒரே போர்வையைத் தைப்பார்கள். அவரவர் பக்கம் அவரவருக்கு. மார்ச் மாதச் சந்தையில் அது குலுக்கலில் போகும். இந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய தையலாவது கோணலாக இருந்தால், அவள் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்ல மாட்டார்கள். "அழகா இருக்கு கண்ணு" என்பார்கள். அவள் வீட்டுக்குப் போனதும் அதைப் பிரித்துவிட்டு ஒழுங்காகத் தைத்து வைப்பார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் இரக்கம்.

இந்த இரக்கத்தை ஆரம்பித்து வைத்ததே ஆர்லிஸ்தான். மிர்ட்டில் என்று ஒருத்தி இருந்தாள், கை உதறும் நோய்க்காரி. அவள் சாகும்வரை ஒவ்வொரு செவ்வாயும் அவள் எழுந்து போனபிறகு ஆர்லிஸ் பின்தங்கி, அவள் போட்டதைப் பிரித்துப் போடுவாள். கதவு வழியே நான் பார்த்துக்கொண்டிருப்பேன். "அவளுக்குத் தெரிஞ்சா தாங்குவாளா?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருத்தி நடுங்குகிற கையோடு அரைநாள் குனிந்து போட்டதை, கொக்கிக் கத்தியால் கால்மணி நேரத்தில் இல்லாமல் ஆக்கிவிட்டு, அதைத் தர்மம் என்கிறார்கள். இப்படிப்பட்ட நல்லவர்களைவிடப் போக்கிரிகள் எவ்வளவோ மேல்.

நவம்பரில் ஆர்லிஸுக்குப் பக்கவாதம் வந்தது. சின்னது என்றார்கள். வலது கை மட்டும் மரத்துப்போயிற்று. குடியிருப்பே அவளுக்காக ஜெபித்தது. டப்பா சூப்பை ஊற்றி மேலே உருளைக்கிழங்கை அடுக்கி வேகவைத்த ஹாட் டிஷ் அவள் வீட்டுக்குப் போய்க் குவிந்தது. உப்புச்சப்பில்லாத அந்தச் சோற்றில் பாதியை நான்தான் தின்று தீர்த்தேன். கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வாரத்துக்கு மூன்று முறை வந்து, களிமண் போன்ற ஒன்றைப் பிசையச் சொல்வாள். மகள் கிர்ஸ்டன் மினசோட்டாவிலிருந்து தினமும் போனில் அழைத்தாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் சொல்லிவைத்திருந்தாள்.

"என்னை அந்தப் பனிக்குள்ள கொண்டுபோய்ப் பொதைக்கப் பாக்கறா. என் கை திரும்பட்டும், அவளுக்குக் காட்டறேன்," என்றாள் ஆர்லிஸ்.

ஜனவரியில் சட்டத்துக்குத் திரும்பினாள். முதல் நாள் அவள் போட்ட தையலைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். கோழி நடந்த தடம்போல இருந்தது. "அடடா, பழைய ஆர்லிஸ்தான் கண்ணு!" என்று கத்தினாள் கோரலி ஃபிங்க். இவள்தான் கூட்டத்தின் தலைவி. கடன்காரனையும் கண்ணு என்பாள், கல்லறைக்காரனையும் கண்ணு என்பாள். ஆர்லிஸ் வெளியே போனதுதான் தாமதம், கோரலி பையிலிருந்து தையல் பிரிப்பானை எடுத்தாள்.

அடுத்த செவ்வாய் ஆர்லிஸ் வந்து தன் இடத்தைப் பார்த்தாள். அழகான, நெருக்கமான, நேரான தையல். அதை விரலால் தடவினாள். முகம் மலர்ந்தது. இந்த வழக்கத்தை உண்டாக்கியவள், பல வருஷம் தன் கையாலேயே செய்தவள், தனக்கும் அதுவே நடக்கும் என்று நினைக்கவே இல்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவளுக்குத் தனக்கு வந்தும் தெரியவில்லை.

"போட்டுக்கிட்டிருக்கும்போது கோணலா போற மாதிரிதான் தோணுது வெர்ன். அடுத்த வாரம் வந்து பார்த்தா நேரா இருக்கு. கண்ணுதான் ஏமாத்துது, கை சரியாயிடுச்சு," என்றாள் என்னிடம். பயிற்சிக்கு வந்த பெண்ணை நிறுத்திவிட்டாள். களிமண்ணைக் குப்பையில் போட்டாள்.

பிப்ரவரியில் ஒரு நாள் கோல்ஃப் வண்டியை எடுத்துக்கொண்டு தபால் வாங்கக் கிளம்பினாள். திருப்பத்தில் வலது கை ஸ்டியரிங்கிலிருந்து தானாக நழுவியது. வண்டி நேராகப் போய், நூறு வயதான சவாரோ கள்ளியில் மோதி நின்றது. கூட்டம் கூடிவிட்டது. கள்ளிக்கு எவ்வளவு காயம் என்று பார்க்கத்தான் முதலில் குனிந்தார்கள், அது அரசாங்கப் பாதுகாப்பில் உள்ள மரமாம். தோளெல்லாம் முள்ளோடு உட்கார்ந்திருந்தவளை நான் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். யாரோ மகளுக்குப் போன் போட்டுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை வருகிறேன், உன்னைக் கையோடு அழைத்துக்கொண்டுதான் திரும்புவேன் என்று சொல்லிவிட்டாள் கிர்ஸ்டன்.

ஆர்லிஸை அவள் சமையலறையில் உட்கார்த்தி, சாமணத்தால் ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கினேன்.

"வரட்டும்," என்றாள் ஆர்லிஸ். "நேரா சட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். இந்தத் தையலைப் பாரு, இது நடுங்கற கை போட்டதான்னு கேக்கறேன். வாயடைச்சுப் போயிடுவா."

இதற்கு மேல் பொறுக்க என்னால் முடியவில்லை.

"அது உன் தையல் இல்ல ஆர்லிஸ்."

"என்னது?"

"மிர்ட்டிலுக்கு நீ செஞ்சியே, அதை உனக்குக் கோரலி செய்யறா. ஜனவரியிலேர்ந்து."

இடது கையால் என் கன்னத்தில் ஒன்று விட்டாள். "பொறாமை புடிச்ச கெழவா! கல்லு தேய்க்கறவனுக்குத் தையலப் பத்தி என்னடா தெரியும்? எந்திரிச்சுப் போ!" என்று கத்தினாள். தோளில் இன்னும் பாதி முள் இருந்தது. அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரே தேவாலயத்துக்குப் போயிருந்த நேரத்தில் என் கதவைத் தட்டினாள். ஆர்லிஸ் ஆராதனையைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. "கிளப் சாவி உன்கிட்ட இருக்கில்ல? வா," என்றாள்.

தையல் அறையில் விளக்கைப் போட்டேன். அவள் பூதக்கண்ணாடியோடு சட்டத்தின் மேல் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"கோரலிதான்," என்றாள் கடைசியில். "வரிசை முடியற இடத்துல ரெண்டு பின்தையல் போடுவா. ஒருநாளும் நான் அப்படிப் போட மாட்டேன். மொத நாளே தெரிஞ்சிருக்கணும்."

"தெரியலையா?"

"பாக்க வேண்டாம்னு இருந்தா எப்படித் தெரியும்?" நாற்காலியில் சரிந்தாள். "வெர்ன், மிர்ட்டிலுக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "அவ ஒண்ணும் குருடி இல்லையே," என்றேன். ஆர்லிஸ் அழுதாள். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் மிர்ட்டிலுக்காக.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள். "உன் தூண்டில் பெட்டியில பின்னல் கயிறு இருக்கா? மெல்லிசா, வெள்ளையா?"

"இருக்கு. கத்திப் பல்லு வெச்ச பைக் மீனே கடிச்சு அறுக்க முடியாது. எதுக்கு?"

"குடு."

செவ்வாய்க்கிழமை கிர்ஸ்டன் வந்தாள். அவளைக் கைப்பிடித்துத் தையல் அறைக்கு அழைத்துவந்தாள் ஆர்லிஸ். நான் கதவை நன்றாகவே திறந்துவைத்துக்கொண்டேன். கோரலி ஓடிவந்தாள்.

"பாரும்மா, உங்கம்மா தைச்சிருக்கறத! பத்துத் தையல் கண்ணு, அப்படியே பத்து! இவங்களையா இல்லத்துல விடப்போற?"

கிர்ஸ்டன் குனிந்து பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கும் தையல் தெரியும், அம்மா சொல்லிக்கொடுத்ததுதான். முகத்தில் இருந்த கடுகடுப்பு தளர்ந்தது. "அம்மா, இதை நீயா தைச்சே? நான் பயந்துட்டேன். அப்போ..."

ஆர்லிஸ் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வீடு அவளுக்கு, ஜாடி இருந்த இடத்திலேயே இருக்கும், செவ்வாய்க்கிழமைகள் அப்படியே இருக்கும். மற்ற ஏழு பேரும் அவளுக்காகப் பொய் சொல்லக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"இது கோரலி தைச்சது," என்றாள் ஆர்லிஸ். "நான் தைக்கறதப் பாக்கறியா? ஒக்காரு."

தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பெரிய கண்ணுள்ள ஊசியில் கயிற்றை முன்பே கோத்து வைத்திருந்தாள். போர்வையின் நட்டநடுவில், எல்லார் கண்ணும் படுகிற நட்சத்திர வடிவத்தில் ஊசியைக் குத்தினாள். வலது கை இழுக்க மறுத்தது. இடது கையால் அதைப் பிடித்து நகர்த்தினாள். ஒரு தையல் பெரிதாக விழுந்தது, ஒன்று சின்னதாக, ஒன்று வழுக்கிப் பக்கத்துத் துணிக்கே ஓடிப்போயிற்று. சுற்றி இருந்தவர்களில் ஒருத்தி பழக்கதோஷத்தில் "அழகா இரு..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

கிர்ஸ்டன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வடிந்தது. "அம்மா, போதும். கிளம்பலாம்மா."

"கிளம்பறேன். இந்த வரிசைய முடிச்சுக்கறேன்."

முடித்தாள். மதியம்வரை ஆயிற்று. ஒவ்வொரு முனையிலும் முடிச்சுப் போட்டுப் பஞ்சுக்குள் இழுத்து ஒளித்தாள். எழுந்து, ஏழு பேரையும் ஒருமுறை பார்த்தாள். ஒருத்தியிடமும் விடைபெறவில்லை. என்னைத் தாண்டிப் போகும்போது மட்டும், "கயிறு நல்ல கயிறுதான்டா கெழவா," என்றாள்.

வியாழக்கிழமை ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறிப் போனாள். அவள் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்டார்கள். காப்பிக் கூட்டத்தில் அவளுடைய கதை ஒரு காலை முழுக்க ஓடியது. மறுநாள் ஒருவர் கண்புரை அறுவையோடு வந்துவிட்டார், அதோடு சரி.

அடுத்த செவ்வாய் கூட்டம் கலைந்தபிறகு கோரலி மட்டும் சட்டத்தருகே இருந்தாள். கல்லை மெருகேற்ற உருட்டும் மின்பீப்பாயை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். சர்ரக் என்று ஒரு சத்தம். மறுபடி சர்ரக். பிறகு 'டக்' என்று ஏதோ ஒடிந்து தரையில் விழுந்தது. கோரலி அதுவரை நான் கேட்டிராத ஒரு கெட்ட வார்த்தையைச் சொன்னாள்.

கதவில் அவள் தலை தெரிந்தது. நெற்றியில் வியர்வை, கையில் முனை போன பிரிப்பான்.

"வெர்ன், சந்தைக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு. ஆர்லிஸ் என்னத்தப் போட்டு தைச்சாளோ, அறுக்கவே முடியல. துணிதான் கிழியும்போல இருக்கு. உங்கிட்ட நல்ல கத்தரி ஏதாவது இருக்கா கண்ணு?"

இரும்புக் கம்பியையே நறுக்கும் கத்தரி என் தலைக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இல்லையே கண்ணு," என்று சொல்லிவிட்டுப் பீப்பாயை மறுபடி ஓடவிட்டேன்.