ஜன்னலுக்கு வெளியே நீண்ட சுங்கான்

சின்னசேலம் ஸ்டேஷன் வாசலில் புல்லாங்குழல் விற்பவர் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மூங்கிலைத் துளைத்துக்கொண்டிருந்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் நான் கள்ளக்குறிச்சியில், அப்பாவின் தகரக் கொட்டகையில் நின்றிருந்தேன். அங்கே இப்போது தார்ச்சாலை ஓடுகிறது.

அப்பா மரச்சிற்பம் செதுக்குபவர். சாயங்காலமானால் ஜன்னலோரம் உட்கார்ந்து, தானே குடைந்த சுங்கானில் புகையிலை அடைத்துப் பிடிப்பார். எனக்கோ இழுப்பு, அவர் பிடித்தால் என் நெஞ்சு விசிலடிக்கும். சுங்கானை விடவும் முடியாமல், நான் திணறுவதைப் பார்க்கவும் முடியாமல், கல்வராயன் மலை மூங்கிலை வாங்கி, கணுக்களைக் கம்பியால் சுட்டுத் துளைத்து, தேன்மெழுகு தேய்த்து, சுங்கானுக்கு நீளமான குழல் செய்து, நெருப்புள்ள கிண்ணத்தை ஜன்னலுக்கு வெளியே வைத்தார். அப்படியும் நான் இருமுவேன். மறுநாள் குழல் இன்னொரு முழம் வளரும்.

கடைசியாகச் செய்த குழலோ, பற்றவைக்க அவர் கை எட்டாத நீளம். முற்றத்தில் துணி உலர்த்திய அம்மாவைக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் பத்த வையேன்."

"இன்னாங்க நீங்க, குழல நீட்டிக்கினே போறீங்க! பொகைய உங்க வாயாலதான உள்ள வுடுறீங்க?"

அப்பா குழலை வாயிலிருந்து எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். மறுநாளிலிருந்து அந்தக் குழலில் எங்கள் துணிகள் காய்ந்தன.

"ஊதிப் பாருங்கக்கா" என்று புல்லாங்குழல்காரர் நீட்டினார். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் ஒரே மூச்சில், நீளமாக ஊதினேன்.